ஆய்வேடும் உடன்பயில்வோர் அவையும்

பவணந்தி முனிவர் தம் நன்னூலின் பொதுப்பாயிரத்தில் மாணாக்கரின் கல்வியை ஒரு கணக்காகவே போட்டுக் காட்டுகிறார். ஆசிரியர் உரைப்பதை எத்துணைக் கருத்தோடு கேட்டுக்கொண்டாலும் மாணாக்கனுக்குக் கிட்டுவது புலமையில் காற்பங்கே. உடன்பயிலும் தோழரோடு கூடிப் பழகுவதால் இன்னொரு காற்பங்கு வந்து சேரும். எஞ்சிய அரைப்பங்கு, கற்றதைப் பிறர்க்கு விளங்க எடுத்துரைக்கும் பொழுதுதான் கைவரும். பதின்மூன்றாம் நூற்றாண்டில் போடப்பெற்ற இக்கணக்கை, இன்று முனைவர் பட்ட ஆய்வேடு எழுதிக்கொண்டிருக்கும் தமிழ் மாணவர் ஒருவர் முன் வைத்துப் பார்ப்போமானால், அவருக்கு வாய்த்திருப்பது முதற் காற்பங்கு மட்டுமே என்பது புலனாகும். அதுவும் நெறியாளர்க்கு ஓய்வு கிடைக்கும் நாள்களில்!

இக்கட்டுரையில் நாம் எடுத்துக்கொண்ட பொருள் அவ்விரண்டாம் காற்பங்கே. கலைப்புல ஆய்வாளர் நால்வரோ ஐவரோ குறித்த நாளில் ஒன்றுகூடி, தாம் எழுதியதை ஒருவர்க்கொருவர் படித்துக் காட்டி, குறை கேட்டுத் திருத்தி, ஆய்வேட்டை முடித்துக் கரையேறும் முறை அது. மேலைநாட்டுப் பல்கலைக்கழகங்களில் எழுத்துக்குழு என்ற பெயரில் இது பரவலாக நடைபெறுகிறது. நம்மிடையே இதற்கு நிலைத்த பெயர் இல்லை. ஆனால் செயல் புதிதன்று என்பதைப் பின்னர்க் காண்போம்.

தனித்து நிற்கும் கலைப்புலம்

வேதியியல் ஆய்வாளர் ஒருவர் காலையில் ஆய்வுக்கூடத்திற்குள் நுழைந்தால் அங்கே மூத்தவர் ஒருவரும் இளையவர் இருவரும் இருப்பர். குடுவை உடைந்தாலும் உடன்நின்று பார்ப்பதற்கு ஆள் உண்டு. தமிழிலோ வரலாற்றிலோ ஆய்வு செய்பவர்க்கு அத்தகைய கூடம் இல்லை. குறிப்பட்டைகளும் நகலெடுத்த தாள்களும் அடுக்கிய ஓர் அலமாரியே அவர் ஆய்வுக்கூடம். தரவு திரட்டும் காலத்தில் நூலகம், ஊர்கள், ஏட்டுச்சுவடிகள் என்று மனிதரோடு பழகுகிறார். எழுதத் தொடங்கியதும் கதவு அடைபடுகிறது. ஆய்வேடுகள் பெரும்பாலும் தரவு போதாமையால் நின்றுவிடுவதில்லை. இக்கதவடைப்புக்குப் பின்னரே நின்றுவிடுகின்றன என்பது நம் துணிபு.

இக்குறை நம் நாட்டிற்கு மட்டும் உரியதன்று. அமெரிக்கப் பட்டமேற்படிப்புக் கல்விக்கூடங்களின் பேரவை 2008-ஆம் ஆண்டு வெளியிட்ட கணக்கின்படி, ஆய்வில் சேர்ந்து பத்தாண்டுகள் ஆன பின்னும் கலைப்புலத்தில் பட்டம் பெற்றிருந்தோர் நூற்றுக்கு 49 பேரே. பொறியியலில் அது 64. செல்வமும் நூலகமும் மிகுந்த நாட்டிலேயே பாதிப்பேர் வழியில் தங்கிவிடுகின்றனர்.

நம் நாட்டில் காலக்கெடு வேறு கழுத்தை நெருக்குகிறது. பல்கலைக்கழக மானியக் குழுவின் 2022-ஆம் ஆண்டு விதிகளின்படி முனைவர் பட்டத்திற்குக் குறைந்தது மூன்றாண்டு, மிகுந்தது ஆறாண்டு. மறுபதிவு செய்தால் மேலும் ஈராண்டு கிட்டும். பெண்களுக்கும் மாற்றுத்திறனாளிகட்கும் அதற்கு மேலும் ஈராண்டுச் சலுகை உண்டு. அதே விதிகள் ஆய்வியல் நிறைஞர் பட்டத்தை நிறுத்திவிட்டன. இது சிறு செய்தியாகப் பலர்க்குத் தோன்றலாம். நமக்கு அவ்வாறு தோன்றவில்லை. ஆய்வியல் நிறைஞர் பட்டத்திற்கென நூறு நூற்றைம்பது பக்கத்தில் ஒரு சிற்றேடு எழுதிப் பார்க்கும் பழக்கம் நம் மாணவர்க்கு இருந்தது. நீந்தக் கற்ற குளம் அது. இன்றைய மாணவர் முதுகலை முடித்ததும் நேரே கடலில் இறங்குகிறார்.

பொருள்நிலையையும் சொல்லத்தான் வேண்டும். தேசியத் தகுதித் தேர்வில் முன்னிலை பெற்று இளநிலை ஆய்வு நல்கை பெறுவோர்க்கு 2023 முதல் மாதம் 37,000 ரூபாய் கிட்டுகிறது. அந்நல்கை எட்டாத சிறுபான்மைச் சமுதாய மாணவர்க்குத் துணைநின்ற மௌலானா ஆசாத் தேசிய ஆய்வு நல்கை 2022-ஆம் ஆண்டு இறுதியில் நிறுத்தப்பட்டது. ஆகவே நம் பிள்ளைகளிற் பலர் பகலில் பள்ளியிலோ தனிப்பயிற்சியிலோ பணியாற்றி இரவில் எழுதுகின்றனர். அவர்கட்குப் பொருளுதவி செய்யச் சமுதாயத்தில் கைகள் உண்டு. எழுதிய இயலைக் கேட்பதற்குத்தான் செவிகள் இல்லை.

பூவத்து மாடியறை

காரைக்கால் நகருக்கு வடக்கே, தரங்கம்பாடிக்குச் செல்லும் கடற்கரைச் சாலையில், நண்டலாற்றை ஒட்டிய எல்லை ஊர் பூவம். புதுவை மாநிலம் அங்கே முடிந்து தமிழ்நாடு தொடங்கும். அங்கிருந்து ஆய்வு செய்வோரின் நிலையை எண்ணிப் பாருங்கள். புதுவைப் பல்கலைக்கழகத்தில் பதிவு செய்தவர் தம் நெறியாளரைக் காண ஏறத்தாழ 130 கிலோமீட்டர் செல்ல வேண்டும். ஆற்றைக் கடந்த அடுத்த ஊர்க்காரரோ தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகத்திலோ திருச்சிப் பாரதிதாசன் பல்கலைக்கழகத்திலோ பதிந்திருப்பார். இருவர் வீட்டிற்கும் இடையே மிதிவண்டித் தொலைவு. இருவர் பல்கலைக்கழகங்களோ திசைக்கொன்று. ஒரே தெருவில் இரண்டு ஆய்வேடுகள் பாதியில் நிற்பதை ஒருவரையொருவர் அறியாமலே ஆண்டுகள் கழிவதுண்டு.

இந்நிலையில் பூவத்தில் ஒரு வீட்டு மாடியறையில் ஐவர் கூடத் தொடங்கினர். எம்மில் இருவர் அவர்களுள் அடங்குவர் என்பதால் நேரில் கண்டதையே இங்கு எழுதுகிறோம். ஞாயிறுதோறும் அஸர் தொழுகைக்குப் பின் கூடி, மஃரிப் பாங்கு கேட்கும்போது எழுவது வழக்கம். இலக்கியத்தார் மூவர், வரலாற்றார் ஒருவர், நாட்டார் வழக்காற்றியலார் ஒருவர். மூவர் முஸ்லிம்கள், இருவர் பிற சமயத்தார். பெண்கள் இருவர். வீட்டுக்குரியவர் ஓய்வுபெற்ற பள்ளித் தலைமையாசிரியர். கூட்டம் முடியும்வரை சாய்வு நாற்காலியில் அமர்ந்திருப்பார். பெண்பிள்ளைகளை அனுப்பத் தயங்கிய பெற்றோர்க்கு அவர் அமர்ந்திருந்ததே போதுமான உறுதியாயிற்று.

அவர் அமர்ந்திருந்ததற்கு வேறொரு பயனும் விளைந்தது. ஒருநாள் எம்முள் ஒருவர், கோட்பாட்டுச் சொற்கள் நிரம்பிய பத்தி ஒன்றை மூச்சுவிடாமல் படித்து முடித்தார். நாங்கள் நால்வரும் தலையசைத்தோம். பெரியவர் மட்டும், "தம்பி, நல்லாத்தான் இருக்கு. இதுல நீ என்னதான் சொல்ல வர்றே?" என்று கேட்டார். படித்தவர் விளக்கத் தொடங்கினார். மூன்று சொற்றொடர்களில் விளக்கியும் விட்டார். அம்மூன்று சொற்றொடர்களும் அவர் எழுதியிருந்த தாளில் எங்கும் இல்லை! அன்றே அவை எழுதிச் சேர்க்கப்பட்டன. தலையசைத்த நால்வரும் அப்பத்தியைப் புரிந்துகொண்டிருக்கவில்லை என்பதையும் இங்கே ஒப்புக்கொள்கிறோம்.

நம் முன்னோர் வைத்திருந்த அவை

நூல் ஒன்று அவையேறாமல் நூலாவதில்லை என்பது தமிழ் மரபு. தொல்காப்பியம் நிலந்தரு திருவிற் பாண்டியன் அவையில், அதங்கோட்டாசான் கேட்க அரங்கேறியது என்று அதன் சிறப்புப்பாயிரம் தெரிவிக்கிறது. அரங்கேற்றத்தை இன்று மாலையும் பொன்னாடையுமாகவே நாம் நினைவில் வைத்திருக்கிறோம். கேட்போர் தடைநிகழ்த்துவதும் ஆசிரியர் விடைகூறுவதும் அன்று அதன் உயிர்ப்பகுதியாயிருந்தன.

உமறுப்புலவரின் சீறாப்புராணத்தை எண்ணுவோம். வள்ளல் சீதக்காதி வேண்ட, புலவர் பாட முன்வந்தார். நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் வரலாறு அரபு நூல்களில் இருந்தது. அதனை அறிந்த ஆலிம்களை அணுகி, முதலில் மறுக்கப்பட்டு, பின்னர்ப் பரங்கிப்பேட்டையில் உரை கிடைக்கப்பெற்றுப் பாடினார் என்பதும், அபுல்காசிம் மரைக்காயர் ஆதரவில் நூல் அரங்கேறியது என்பதும் வழிவழி வரும் செய்தி. கவித்திறம் முழுமையாக வாய்த்திருந்த அப்புலவரும் பொருளுக்காகப் பிறர் வாயிலில் நிற்க வேண்டியிருந்தது. ஐயாயிரத்துக்கு மேற்பட்ட பாடல்கள் கொண்ட அப்பெருநூல் நாயகத்தின் வாழ்வு முழுவதையும் பாடி முடிக்கவில்லை என்பதையும் நாம் அறிவோம். எஞ்சிய வரலாற்றைப் பனீ அகுமது மரைக்காயர் சின்னச் சீறாவாகப் பாடினார். காப்பியத்திற்கு அவ்வாறு பின்வந்து முடிப்பார் கிடைக்கலாம். முனைவர் பட்ட ஆய்வேட்டைப் பதிவு செய்தவரே முடித்தாக வேண்டும்.

நம் கடற்கரைக்கே உரிய இன்னொரு சான்று நாகூர் குலாம் காதிறு நாவலர். பாண்டித்துரைத் தேவர் 1901-இல் மதுரையில் நிறுவிய தமிழ்ச்சங்கத்துப் புலவருள் ஒருவராக விளங்கிய அவரை, நான்காம் தமிழ்ச்சங்கத்து நக்கீரர் என்று போற்றினர். நக்கீரர் என்றால் குற்றம் காண்பவர் என்பது ஊரறிந்த கதை. அப்பெயரைப் பாராட்டாகச் சூட்டிய தலைமுறை, பிழை சுட்டுவதை நட்பின் செயலாக ஏற்றிருக்க வேண்டும். இன்றோ நம் கருத்தரங்குகளில் "கட்டுரை மிகச் சிறப்பு" என்ற ஒரு தொடரோடு கலந்துரையாடல் முடிந்து தேநீர் வந்துவிடுகிறது.

அரபி மதரஸாக்களில் ஓதியவர் 'தக்றார்' என்ற சொல்லை அறிவர். உஸ்தாது பாடம் நடத்திச் சென்ற பின், மாணவருள் ஒருவர் அப்பாடத்தைத் தம் தோழர்க்குத் திரும்ப எடுத்துரைப்பார், மற்றவர் வினவுவர். நன்னூலார் சொன்ன காற்பங்கும் அரைப்பங்கும் ஒரே அமர்வில் அங்கே கிட்டுகின்றன. ஹதீஸ் ஏடுகளைப் படியெடுத்த முன்னோர், மூலத்தோடு ஒப்பிட உரக்கப் படித்தனர். அன்றைய அமர்வு எவ்விடத்தில் நின்றதோ அவ்விடத்து ஓரத்தில் 'பலஃக' என்று குறித்தனர். இதுவரை எட்டியாயிற்று என்பது அதன் பொருள். அச்சிறு குறி இன்றும் பழைய சுவடிகளின் ஓரங்களில் காணப்படுகிறது.

அவை நடக்கும் வகை

இனி, செய்யும் முறையைச் சற்று விரிவாகக் கூறுவோம். நாம் கண்டவரை நால்வர் அல்லது ஐவர் போதும். எழுவர் எண்மரானால் ஒருவரது முறை வருவதற்கே இரண்டு திங்கள் கடந்துவிடுகிறது. இருவரானால் அது நட்பாகிப் பேச்சில் கரைந்துவிடுகிறது. ஒரே தலைப்பினர் கூடுவதைவிட அண்டைத் துறையினர் கூடுவது நன்று. ஒரே தலைப்பினரிடையே, எவ்வளவு மறைத்தாலும், யார் முந்துவது என்ற எண்ணம் எட்டிப்பார்க்கும்.

ஓர் அமர்வில் ஒருவர் எழுத்து. பத்துப் பதினைந்து பக்கங்கட்கு மேல் வேண்டா. முழு இயலையும் சுமந்து வருவோரை முதலிலேயே தடுத்துவிடுவது நலம். எழுதியவரே உரக்கப் படிக்க வேண்டும். கண் தாண்டிச் செல்லும் பிழையில் நாக்கு இடறும். படித்து முடித்தபின் எழுதியவர் சற்று நேரம் வாய்திறவாமல் இருப்பது இன்றியமையாதது. அமெரிக்கப் பேராசிரியர் பீட்டர் எல்போ, ஆசிரியரின்றி எழுதப் பழகுவது பற்றி 1973-இல் எழுதிய நூலில் இதனை வற்புறுத்துகிறார். கேட்டவர் தீர்ப்புக் கூறுமுன், கேட்கும்போது தம் மனத்துள் நிகழ்ந்ததைக் கூற வேண்டும்: எங்கே விளங்கிற்று, எங்கே மனம் அலைந்தது, எங்கே ஐயம் எழுந்தது என்று. எழுதியவர் வாதாடலாகாது, குறித்துக்கொள்ள மட்டுமே வேண்டும். வாதில் வல்ல நம்மவர்க்கு எல்லாவற்றினும் கடினமான விதி இதுவே. பூவத்தில் இதனைப் பழக எமக்கு நான்கைந்து ஞாயிறுகள் பிடித்தன.

குற்றம் சுட்டும்போது சொற்கள் சுடும். அதற்கு நாங்கள் கண்ட வழி நன்னூலிடமே சென்றது. நூலுக்கு ஆகாதவை என்று அது வகுத்த பத்துக் குற்றங்களின் பெயர்கள் ஆய்வேட்டிற்கென்றே ஆக்கியவை போல அமைந்துள்ளன. நாகூர்ப் பாடல்களை ஆராய வந்தவர் இஸ்லாம் இந்தியாவுக்கு வந்த வரலாற்றை அறுபது பக்கம் எழுதியிருந்தார். அது மற்றொன்று விரித்தல். இயல்தோறும் முன்னுரையிலும் தொகுப்புரையிலும் அதே செய்தி வருமானால் கூறியது கூறல். அறிஞர் இன்னார் இவ்வாறு கூறுவர், இன்னார் அவ்வாறு கூறுவர் என்று மேற்கோள்களை நூலில் கோத்துவிட்டுத் தம் கருத்தை எழுத மறப்பதை வெற்றெனத் தொடுத்தல் என்றோம். இரண்டாம் இயலில் ஒரு நூற்றாண்டும் நான்காம் இயலில் வேறொரு நூற்றாண்டும் தந்தால் மாறுகொளக் கூறல். நெறியாளர்க்குத்தான் தெரியுமே என்று விளக்காமல் விடுவது குன்றக் கூறல். தொடக்கத்தில் ஆற்றொழுக்காய் ஓடிய ஆய்வேடு, காலக்கெடு நெருங்க நெருங்க மெலிந்து கடைசி இயல் பன்னிரண்டு பக்கத்தில் முடியுமானால் சென்று தேய்ந்து இறுதல். எமக்குள் மிகுதியாக வழங்கிய பெயர் இதுவே. பெயர் பழைய இலக்கணத்தினுடையதாதலால் சினம் எழுவதில்லை, சிரிப்பே எழும். சிரித்தவர் வீட்டிற்குப் போய்த் திருத்தினார். நின்று பயனின்மை என்ற பத்தாம் குற்றத்தை மட்டும் எவர்க்கும் நாங்கள் சொன்னதில்லை.

எழுதாமல் வருபவரை என் செய்வது? வரச்சொல்ல வேண்டும். வெறுங்கையோடு வர நாணி ஓர் ஞாயிறு நின்றவர் மறு ஞாயிறும் நிற்பார். பிறகு சாலையில் கண்டால் ஒதுங்கிப் போவார். எழுத இயலாமற்போன காரணத்தையே அன்று அவர் பேசட்டும். பல முறை, பேசிய அக்காரணமே அடுத்த பக்கத்தின் முதல் வரியாயிற்று.

இவ்வவைக்கு எல்லையும் உண்டு. நெறியாளரின் இடத்தை அது கொள்ளலாகாது. ஆய்வுக்கேள்வியை மாற்றுவது, தரவை ஏற்பது ஆகியவை அவர்க்கே உரியன. தம் மாணவர் வேறிடத்தில் படித்துக் காட்டுவதை ஐயுறும் நெறியாளரும் உளர். முன்கூட்டியே சொல்லி இசைவு பெற்றுவிட்டால் அவ்வையம் நீங்கிவிடும். இன்னொன்று, ஒருவர் சொற்றொடரை மற்றவர் எழுதித் தருவது கூடாது. மானியக் குழுவின் 2018-ஆம் ஆண்டுக் கருத்துத்திருட்டுத் தடுப்பு விதிகள் பத்து விழுக்காட்டுக்கு மேற்பட்ட ஒப்புமையைக் குற்றப்படிகளாக வகுக்கின்றன. கணினி அதனைக் கண்டுபிடிக்கும். எழுதிக் கொடுத்த தோழரின் நடையைக் கணினி கண்டுபிடிக்காமற் போகலாம்; வாய்மொழித் தேர்வில் புறத்தேர்வாளர் கேட்கும் இரண்டாம் வினாவில் அது வெளிப்பட்டுவிடும். தோழர் தந்த கருத்து ஆய்வேட்டில் இடம்பெறுமாயின் அடிக்குறிப்பிலோ நன்றியுரையிலோ அவர் பெயரைச் சொல்வதே முறை.

செலவென்று பார்த்தால் ஒன்றுமில்லை. மாலை நேரத்தில் காலியாய்க் கிடக்கும் ஓர் அறை, ஒரு விளக்கு, தேநீர். ஜமாஅத்தார் நடத்தும் பள்ளிகளிலும் நூலகங்களிலும் அத்தகைய அறை ஒன்று ஞாயிறு மாலையில் பூட்டிக் கிடப்பதை நாம் பார்க்கிறோம். கேட்டால் தருவர். கேட்பதற்கு முன்பே தருவார்களாயின், தயங்கி நிற்கும் பெண்பிள்ளைகட்கு அது இரட்டை உதவியாகும்.

பூவத்து ஐவருள் ஒருவரைப் பற்றிக் கூறி நிறுத்துகிறோம். அவர் மணமாகிக் குழந்தை பிறந்தபின் ஆய்வேட்டை ஒரு டிரங்குப் பெட்டியில் வைத்து மூடிவிட்டவர். ஆறாண்டுக் காலம் முடிந்துவிட்டதாகவும் பதிவு நீங்கிவிட்டதாகவும் நம்பியிருந்தார். அவ்வாறு அவரிடம் யாரோ சொல்லியும் இருந்தனர். பெண்களுக்குரிய ஈராண்டுச் சலுகை 2016-ஆம் ஆண்டு விதிகளிலேயே உண்டு என்பதும், மகப்பேற்று விடுப்பாக 240 நாள் பெறலாம் என்பதும் மாடியறைப் பேச்சில்தான் அவர்க்குத் தெரியவந்தன. விண்ணப்பம் எழுதினார், நீட்டிப்புக் கிடைத்தது. பெட்டி திறக்கப்பட்டது. முதல் மூன்று இயல்கள் தட்டச்சாகியிருந்தன, நான்காவது கையெழுத்தில் இருந்தது, ஐந்தாவது இல்லை. பெரியவர், "ஏம்மா, இருக்குறத முதல்ல படி" என்றார். குழந்தை கீழே பாட்டியாரிடம் இருக்க, நான்காம் இயலை அவர் படிக்கத் தொடங்கினார். அரபிக் கல்லூரியில் ஓதிய அன்பர் ஒருவர் எம்முடன் இருந்ததால், ஒவ்வோர் அமர்வும் நின்ற இடத்தில், தாளின் ஓரத்தில், பென்சிலால் 'பலஃக' என்று எழுதி நாளிடுவது எங்கள் வழக்கமாயிருந்தது. அவருடைய நான்காம் இயலில் அவ்வாறு ஏழு குறிகள் உள்ளன. ஐந்தாம் இயலின் முதல் ஒன்பது பக்கங்களை அவர் சென்ற ஞாயிறன்று கொண்டுவந்தார். எட்டாம் குறி ஏழாம் பக்கத்தில், மூன்றாம் பத்தியின் இறுதியில் நிற்கிறது.